உள்ளே சிவப்பு, வெளியே பச்சை

கேரளத்தின் தமிழ் எல்லையில் எலிக்கென்று வீட்டில் வைக்கும் பெட்டி வெகுகாலமாக ஒன்றே ஒன்றுதான்: பொறி. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கத்து வீடுகளிலும் சரி, தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை எஸ்டேட் லயன்களிலும் சரி, கருவாட்டுத் துண்டையோ தேங்காய்ச் சில்லையோ கொக்கியில் மாட்டி, அடுப்படி மூலையில் வைத்துவிட்டுப் படுப்பார்கள். நடுராத்திரியில் கதவு ‘டப்’பென்று விழும். விடிந்ததும் பெட்டியை யார் தூக்கிக்கொண்டு போவது என்று வீட்டில் ஒரு பஞ்சாயத்து நடக்கும்.

எலி மேல் இந்தப் பக்கத்துக்கு இருக்கும் பகை சும்மா வந்ததல்ல. குமுளியிலிருந்து மலையிறங்கினால் வரும் கம்பம் பள்ளத்தாக்கில் பிளேக் தலைகாட்டிய காலம் உண்டு. அதை ஆராய்ந்த ஜார்ஜ், வெப்ஸ்டர் இருவரின் அறிக்கை 1934இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியானது. பிளேக் ஆராய்ச்சி எங்கே நடந்தாலும் முதலில் வேண்டிய கருவி பொறிதான். எலியைப் பிடித்தால்தான் அதன் மயிருக்குள் ஒளிந்திருக்கும் தெள்ளுப்பூச்சியைப் பார்க்க முடியும். பிளேக் போய்விட்டது, எலிக்காய்ச்சல் போகவில்லை. மழைக்காலம் தொடங்கினால் கேரளத்தில் அதைப் பற்றிய எச்சரிக்கையும் தொடங்கிவிடும்.

இப்படிப்பட்ட ஊரில், பொள்ளாச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ போய்வந்த பிள்ளை ஒரு ஜோடி வெள்ளைச் சுண்டெலியோடு வாசலில் வந்து நின்றால் பாட்டி என்ன சொல்வாள் என்று எழுதவே வேண்டாம். ஆனாலும் வெள்ளைச் சுண்டெலி வருகிறது. வந்த பிறகு அடுத்த கேள்வி: அதை எதில் வைப்பது? சும்மா ஒரு கூண்டு போதாது. கோட்டை மாதிரி வேண்டும், கப்பல் மாதிரி வேண்டும், எஸ்டேட் மாதிரி வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். எலியைப் பிடிக்கும் பெட்டி, எலி வசிக்கும் பெட்டியான கதை மிக நீளமானது. அந்தப் பெட்டி ஜப்பானிலிருந்து புறப்பட்டு, லண்டன் தெருவில் திரிந்து, அமெரிக்கப் பண்ணையில் தங்கி, குன்னூர் வரைக்கும் வந்து, பிறகு நம் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறது. வழி நெடுக ஒரே வழக்குதான்: வீடு எலிக்கா, பார்க்கிறவருக்கா?

ஆடிய எலி

அழகுக்காக எலி வளர்க்கும் பழக்கம் சீனாவிலும் ஜப்பானிலும் வேரூன்றியது. எலி வளர்ப்புக்கென்றே ஒசாகாவில் 1775இல் ஒரு கையேடு அச்சானது. 1787இல் கியோட்டோவில் இன்னொன்று வந்தது. எந்த நிறத்தோடு எந்த நிறத்தைச் சேர்த்தால் எப்படிப்பட்ட குட்டி கிடைக்கும் என்று அதில் சொல்லியிருந்தார்கள். மெண்டல் பட்டாணிச் செடியைப் பற்றி எழுதுவதற்கு முக்கால் நூற்றாண்டு முந்தைய புத்தகம் அது.

அந்த எலிகளில் பேர் போனது ‘ஆடும் எலி’. நின்ற இடத்தில் கிறுகிறுவென்று வட்டமடிக்கும், தலையை ஆட்டும். பார்க்கிறவர்களுக்கு அது நடனம். 1907இல் ராபர்ட் யெர்க்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்த எலியைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அது ஆடவில்லை, அதன் உட்செவியில் பிறவிக் கோளாறு. நேராக ஓட முடியாததால் சுற்றுகிறது. எலி வளர்ப்பின் வரலாற்றில் மனிதக் கண் போட்ட முதல் தப்புக் கணக்கு இது.

அந்த ஜப்பானிய எலிகளின் வம்சம் கப்பலேறிப் போயிற்று. 1980களில் டென்மார்க்கின் ஒரு சந்தையில் கிடைத்த கறுப்பு வெள்ளைச் சுண்டெலி ஜப்பானுக்குத் திரும்பிச் சென்று, மிஷிமாவில் உள்ள தேசிய மரபியல் நிறுவனத்தில் ‘ஜேஎஃப்1’ என்ற ஆய்வு இனமானது. இன்றைய ஆய்வுக்கூட எலிகளின் மரபணுவிலும் பழைய ஜப்பானிய அழகு எலிகளின் பங்கு கலந்திருக்கிறது.

கழுத்தில் தொங்கிய கூண்டு

ஐரோப்பாவில் அந்தப் பெட்டி முதலில் தெருவில் பிழைத்தது. 1830களின் லண்டனில் இத்தாலியிலிருந்து வந்த ஏழைச் சிறுவர்கள் வெள்ளைச் சுண்டெலிக் கூண்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வேடிக்கை காட்டிக் காசு கேட்டார்கள். அப்படி ஒரு சிறுவன் 1831இல் கொல்லப்பட்டு, அவன் உடல் மருத்துவக் கல்லூரிக்கு விற்பனைக்கு வந்தபோது லண்டனே கொதித்தது. செய்தித்தாள்காரர்கள் அவனை வரைந்த படங்களில் எலிக் கூண்டும் இருந்தது. அவனுக்குச் சொத்து அது ஒன்றுதான்.

தெருவிலிருந்து கூண்டு மாளிகைக்குள்ளும் போனது. வில்கி காலின்ஸ் 1859 நவம்பரில் ‘தி உமன் இன் ஒயிட்’ நாவலைத் தொடராக எழுதத் தொடங்கினார். அதில் வரும் வில்லன் ஃபோஸ்கோ பிரபு பருத்த உடம்புக்காரர், சூழ்ச்சிக்காரர், வெள்ளைச் சுண்டெலிப் பிரியர். தன் எலிகளுக்காக அவரே வடிவமைத்து, வண்ணம் பூசிய கம்பியால் ஒரு பகோடாக் கோபுரம் செய்துவைத்திருக்கிறார். கருப்பொருள் வைத்துக் கட்டிய எலி வீட்டுக்கு இலக்கியத்தில் இதைவிடப் புகழ்பெற்ற உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. கோபுரம் யார் பார்க்க? வரவேற்பறைக்கு வரும் விருந்தாளி பார்க்க. நாலா பக்கமும் கம்பி வைத்த கோபுரத்தில் எலி எங்கே போய் ஒளியும் என்று பிரபு யோசித்திருக்க மாட்டார்.

1895இல் இங்கிலாந்தில் தேசியச் சுண்டெலிச் சங்கம் தொடங்கியது. அதன் பிதாமகர் வால்டர் மேக்ஸி. கண்காட்சிக்கு எலி கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிப் பெட்டியில் கொண்டுவர வேண்டும். பெட்டியைப் பார்த்து நடுவர் மயங்கக் கூடாது. அதற்கென்று அமைந்த சிறு மரப்பெட்டிக்கு மேக்ஸி கூண்டு என்றே பெயர். வெளிப்புறம் கரும்பச்சை, உட்புறம் சிவப்பு. சிவப்புப் பின்னணியில் எலியின் மயிரும் உடல்வாகும் எடுப்பாகத் தெரியும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சுண்டெலியின் கண்ணுக்குச் சிவப்பு கிட்டத்தட்டத் தெரியாது. அதன் கண்ணில் உள்ள நிற உணர்விகள் இரண்டே வகை: ஒன்று பச்சைக்கு, இன்னொன்று நம் கண்ணுக்கே தெரியாத புறஊதாவுக்கு. நமக்குப் பளிச்சென்று தெரியும் சிவப்புச் சுவர் அதற்கு இருண்ட சுவர். இன்றைய ஆய்வுக்கூடங்கள் இதைத் தெரிந்தே பயன்படுத்துகின்றன. ஒளி ஊடுருவும் சிவப்பு பிளாஸ்டிக்கில் குடில் செய்து கூண்டுக்குள் வைக்கிறார்கள். உள்ளே எலி இருட்டென்று நம்பித் தூங்கும்; வெளியே ஆய்வாளர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். வழக்கில் இரு தரப்பும் ஜெயித்த இடம் இது.

ஓட்ஸும் ஏழு சென்ட்டும்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் கிரான்பி என்ற சிற்றூர். ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற அபி லேத்ராப் அங்கே 1900 வாக்கில் எலிப் பண்ணை தொடங்கினார். ஒரு ஜோடி ஆடும் எலியில் ஆரம்பித்த பண்ணை, பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட எலிகள் வரை பெருகியது. மரப்பெட்டி, வைக்கோல், தீனிக்கு ஓட்ஸும் பிஸ்கட்டும். பெட்டியைச் சுத்தம் செய்யும் ஊர்ப் பிள்ளைகளுக்கு மணிக்கு ஏழு சென்ட் கூலி. அழகுக்கு எலி வாங்க வந்தவர்களைவிட ஆராய்ச்சிக்கு வாங்க வந்தவர்கள் அதிகமானார்கள். ஹார்வர்டிலிருந்து வில்லியம் காஸில் வாங்கினார். அவருடைய மாணவர் கிளாரன்ஸ் லிட்டில், லேத்ராப் பண்ணையின் 57ஆம் எண் பெண் எலியின் வம்சத்தை வைத்து 1921இல் ஒரு தூய இனத்தை உருவாக்கினார். சி57 கறுப்பு என்று இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வாழ்வது அதுதான். 2002இல் வாசித்து வெளியிட்ட சுண்டெலி மரபணுத் தொகுப்பின் வரைவும் இந்த வம்சத்தினுடையதே.

எலி ஆய்வுக்கூடத்துக்குப் போனதும் பெட்டி தன் அலங்காரத்தை எல்லாம் கழற்றிப் போட்டது. முதலில் தகரம், பிறகு எஃகு, பிறகு பிளாஸ்டிக். தரையில் ஒரு பிடி மரத்தூள், மேலே தண்ணீர்ப் புட்டி, தீனித் தட்டு. கழுவ வசதி, அடுக்க வசதி, எண்ண வசதி. விருந்தாளியின் கண்ணுக்குப் பதிலாக இப்போது கணக்காளரின் கண்.

குன்னூரில் வெயில் காய்ந்த எலிகள்

நம் பக்கத்துக் கதை பாலக்காட்டுக்கு வடக்கே, நீலகிரியில் நடந்தது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் 1918இல் பெரிபெரி நோய் பற்றிய விசாரணையாக ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய வேலை, வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாயிற்று. அது 1958இல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான்.

மெக்காரிசன் வைத்திருந்தவை வெள்ளைச் சுண்டெலிகள் அல்ல, அவற்றைவிடப் பெரிய வெள்ளை எலிகள். இனப்பெருக்கத்துக்கென்று சுமார் ஆயிரம். கோதுமைச் சப்பாத்தியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தார்கள். முளைகட்டிய பயறு, பச்சைக் காய்கறி, பால், எப்போதாவது இறைச்சி. சுத்தமான கூண்டு, காற்றோட்டம், தினமும் வெயில். அந்த எலிகளிடம் நோய் என்பதே இல்லை என்று அவர் பெருமையோடு எழுதினார். பிறகு இந்தியாவின் வெவ்வேறு பகுதிச் சாப்பாட்டை வெவ்வேறு எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். சீக்கியர் சாப்பாடு முதலிடம். நம் சென்னை மாகாணத்து அரிசிச் சாப்பாடு கடைசி இடம். குன்னூர் எலிகள் நமக்கு வாங்கித் தந்த மதிப்பெண் அது.

சோதனையின் முடிவை விட்டுவிட்டு வீட்டை மட்டும் பாருங்கள். குன்னூர்க் கூண்டில் பகோடா இல்லை, வண்ணம் இல்லை. எல்லாக் கூட்டத்துக்கும் ஒரே காற்று, ஒரே வெளிச்சம், ஒரே சுத்தம். அலங்காரம் இல்லாவிட்டாலும் அந்தக் கூண்டில் அக்கறை இருந்தது.

வீட்டுக்குத் திரும்பிய பெட்டி

மொட்டைப் பெட்டிக்கு எதிரான முதல் சாட்சி ஒரு வீட்டிலிருந்தே வந்தது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் டொனால்ட் ஹெப், சில ஆய்வு எலிகளை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செல்லப் பிராணிகளாக வளர்த்தார். வீடெங்கும் ஓடித் திரிந்த அந்த எலிகள், கூண்டிலேயே வளர்ந்தவற்றைவிடப் புதிர்ப்பாதைச் சோதனைகளில் கெட்டிக்காரத்தனம் காட்டின என்று 1947இல் அறிவித்தார். 1960களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் மேரியன் டைமண்டும் சகாக்களும் இதை மூளைக்குள்ளேயே பார்த்தார்கள். விளையாட்டுப் பொருளும் துணையும் உள்ள கூண்டில் வளர்ந்த எலியின் மூளைப் புறணி, வெறும் கூண்டு எலியினுடையதைவிடத் தடித்திருந்தது.

எல்லா வசதியும் நன்மை செய்துவிடும் என்றும் சொல்ல முடியாது. 1968 ஜூலையில் அமெரிக்காவில் ஜான் கால்ஹவுன் சுண்டெலிகளுக்கு ஒரு சொர்க்கம் கட்டினார். சுமார் இரண்டரை மீட்டர் சதுரம். உணவுக்கும் நீருக்கும் கூட்டுக்கும் குறைவில்லை. பூனை இல்லை, நோய் இல்லை. நான்கு ஜோடிகளை உள்ளே விட்டார். 560ஆம் நாளில் தொகை 2,200 ஆனது. அதற்குள் அடிதடி, குட்டிகளைக் கைவிடும் தாய்கள், எதிலும் ஒட்டாமல் மயிரை நக்கிக்கொண்டே இருக்கும் ஆண்கள் என்று சமூகம் குலைந்துபோயிருந்தது. பிறகு பிறப்பே நின்றது; கூட்டம் அழிந்தது. சோறு நிறைய, இடம் குறைய, வெளியே போக வழி இல்லை என்றால் சொர்க்கமும் லயன் வீடுதான்.

1970களின் இறுதியில் கனடாவில் புரூஸ் அலெக்சாண்டர் ‘எலிப் பூங்கா’ அமைத்தார். வழக்கமான கூண்டைப் போல 200 மடங்கு தரை. ஒளிய டப்பாக்கள், ஏற இடங்கள், கூடவே ஆணும் பெண்ணுமாகத் துணை. அந்தப் பூங்காவில் இருந்த எலிகள் மார்ஃபின் கலந்த தண்ணீரை அவ்வளவாக நாடவில்லை. அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கெல்லாம் அதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தப் பூங்காவின் ஒட்டுப்பலகைச் சுவரில் காடு வரைந்திருந்தார்கள். மங்கலாகவே பார்க்கும் எலிக்கு அந்தக் காடு என்ன ஆகப்போகிறது? அது வரைந்தவர்களின் சந்தோஷம். அதில் தப்பும் இல்லை. டப்பாவும் தரையும் எலிக்குக் கிடைத்த பிறகுதானே சுவருக்கு வண்ணம் பூசினார்கள்.

சக்கரத்தின் கதை இன்னும் சுவாரஸ்யம். கூண்டில் அடைபட்ட சலிப்பில்தான் எலி சக்கரத்தில் ஓடுகிறது என்று பலர் நினைத்திருந்தார்கள். நெதர்லாந்தின் லைடன் ஆய்வாளர்கள் திறந்தவெளியில், மணல்மேட்டிலும் நகர்ப்புறப் பசுமைப் பகுதியிலும், சக்கரத்தை வைத்துக் கேமராவைப் பொருத்தினார்கள். யாரும் அடைக்காத காட்டுச் சுண்டெலிகள் தாமாக வந்து ஏறி ஓடின. இறங்கிப் போய்த் திரும்பவும் வந்து ஓடின. தவளையும் நத்தையும்கூட ஏறிப் பார்த்தன. முடிவு 2014இல் வெளியானது. நாம் வேடிக்கைக்கு வைத்த ஒரு பொருள் எலிக்கும் பிடித்துப்போனது அபூர்வம். சக்கரம் அந்த வகை.

குண்டளை ரயிலும் தேங்காய்ச் சிரட்டையும்

இத்தனை ஊர் சுற்றிய பெட்டியை இப்போது எல்லையில் கட்டுவோம். கருப்பொருளுக்குப் பஞ்சமில்லை. 1902இல் மூணாறு மலையில் ஒற்றைத் தண்டவாள ரயிலாகத் தொடங்கி, 1908இல் நீராவி எஞ்சினுக்கு மாறிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் தேயிலையை டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தது. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கின. போடிநாயக்கனூர் வழியாகத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போய்க் கப்பலேறின. 1924 வெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. ரயிலையும் கம்பிவடத்தையும் தேயிலை ஃபேக்டரியையும் எலி அளவில் திரும்பக் கட்டுவதற்கு ஒரு பழைய மர அலமாரித் தட்டு போதும்.

ஆனால் பாலக்காட்டுக்கு ஒரு வீடு, மூணாற்றுக்கு வேறு வீடு. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மார்ச், ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடும். சுண்டெலிக்கு வியர்க்காது, வெப்பம் ஏறினால் எச்சிலை மேலே பூசிக்கொண்டு சமாளிக்கப் பார்க்கும், முடியாமல் செத்துப்போகும். கண்ணாடி மீன்தொட்டியை மூடி வைத்து அதில் எலி வளர்ப்பது இந்த ஊரில் கொலைக்குச் சமம். பக்கங்களில் கம்பிவலை வேண்டும். கண்ணி ஆறு மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, பென்சில் நுழையும் சந்தில் குட்டிச் சுண்டெலியும் நுழையும். தரையில் ஒரு மூலையில் மண் ஓடோ உடைந்த பானையோ வையுங்கள்; மத்தியானத்தில் எலி போய் அதன் மேல் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொள்ளும்.

மூணாற்றில் ஜனவரி இரவு பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். அங்கே நாலு பக்கமும் பலகையோ கண்ணாடியோ, மேலே மட்டும் வலை. மழைக்காலத்தில் படுகை காயவே காயாது. மூத்திர மூலையிலிருந்து கிளம்பும் அம்மோனியா நெடி எலியின் நுரையீரலைத்தான் முதலில் தாக்கும். அந்த மூலையை மட்டும் அடிக்கடி மாற்ற வேண்டும். கூண்டை முழுக்கக் கழுவித் துடைத்துப் புத்தம் புதிதாக்கிவிடக் கூடாது. தன் வாசனை போய்விட்டால் எலிக்கு அது அந்நிய வீடு. ஆண் எலிகள் சண்டையைத் தொடங்கிவிடும். பழைய கூட்டுக் காகிதத்தில் ஒரு பிடியைத் திருப்பிப் போடுங்கள்.

சுண்டெலி கூடு கட்டுவதை ஒரு முறை உட்கார்ந்து பாருங்கள். மை படாத காகித நாப்கினைக் கொடுத்தால், முதலில் ஓரத்தைப் பல்லால் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். இரண்டு முன்காலாலும் பிடித்து நீளவாக்கில் கிழிக்கும். கிழித்த நாடாக்களைச் சுற்றிலும் அடுக்கி, நடுவில் தான் உட்கார்ந்து, உள்ளிருந்தபடியே மூக்கால் முட்டி முட்டி மேலே குவிக்கும். கொஞ்ச நேரத்தில் கூரை மூடிவிடும். எந்தத் தச்சரும் சொல்லிக் கொடுக்காத கவிகை அது. குளிரில் கூரை தடிக்கும், வெயிலில் திறந்துகொள்ளும். எவ்வளவு அழகான வீடு கட்டினாலும் இந்தக் காகிதத்தை அதற்குக் கொடுக்காவிட்டால் அதைப் பட்டினி போட்டது மாதிரிதான்.

மற்ற சாமான் எல்லாம் வீட்டிலேயே இருக்கிறது. கண் துளைத்த தேங்காய்ச் சிரட்டை குடிசையாகும். துணி சுற்றிவரும் அட்டைக் குழல் சுரங்கப்பாதையாகும். சணல் கயிறு கம்பிவடமாகும். சக்கரம் பதினைந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல், கம்பி இல்லாத முழுத்தரையாக இருக்கட்டும். கம்பிச் சந்தில் வால் மாட்டினால் முறிந்துவிடும். அப்போதுதான் அறுத்த தேக்குத்தூள், வாசனை வரும் மரச்சீவல், ஈரம் காயாத பெயிண்ட் மூன்றும் வேண்டாம். சாரைப்பாம்பும் பூனையும் வராத உயரத்தில் வையுங்கள். கூரையிலிருந்து இறங்கும் ஊர் எலி தொடாத இடமாகவும் இருக்க வேண்டும். நோய் அதன் மூத்திரத்தில் வருகிறது.

கடைக்காரர் கொடுக்கும் ‘ஜோடி’யை மட்டும் வாங்காதீர்கள். சுண்டெலியின் கர்ப்பம் மூன்று வாரத்துக்குள் முடியும். குட்டி போட்ட மறுநாளே மறுபடி கர்ப்பமாகும். கால்ஹவுனின் சொர்க்கத்தை வீட்டுக்குள் கட்ட வேறு வழியே வேண்டாம். இரண்டு பெண் எலிகள் போதும். அவை ஒரே கூட்டில் சேர்ந்து தூங்கும்.

இன்னொரு எச்சரிக்கை இடுக்கிக்காரர்களுக்கு. மலபார் முள்ளெலி என்று ஒன்று நம் மலைகளில் இருக்கிறது. முதுகில் தட்டையான முள், வால் நுனியில் தூரிகை. அதற்கு அறிவியல் பெயர் வைத்தவர் எட்வர்ட் பிளைத். ஃபோஸ்கோ வரும் நாவல் தொடராக வரத் தொடங்கிய அதே 1859இல். மரப்பொந்தில் இலையும் பாசியும் பரப்பித் தன் வீட்டைத் தானே கட்டிக்கொள்ளும், மிளகைத் தின்னும், கள் பானையிலும் விழும். கூண்டு அதற்கு உரியதல்ல.

சட்டமும் எலி பக்கம்தான் நிற்கிறது. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960இன் 11ஆம் பிரிவு, உயரத்திலும் நீளத்திலும் அகலத்திலும் நியாயமாக நடமாட இடமில்லாத கூண்டில் எந்த விலங்கையும் அடைப்பது குற்றம் என்கிறது. அழகாக இருந்தால் பரவாயில்லை என்று அதில் விலக்கு எதுவும் இல்லை.

ஆகவே வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். பெட்டியின் வெளிப்பக்கம் உங்களுடையது: மலை வரையலாம், தண்டவாளம் வரையலாம், ‘டாப் ஸ்டேஷன்’ என்று பலகை மாட்டலாம். உட்பக்கம் அதனுடையது: இருட்டு, துளை, தோண்டக் காகிதப் படுகை, ஓடச் சக்கரம். ஒரு வாரம் கழித்துக் கூடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் பார்த்துப் பார்த்துக் கட்டிய மேனேஜர் பங்களாவைக் காலியாக விட்டுவிட்டு எலி ரயில் பெட்டிக்குள் குடியேறியிருந்தால், வருத்தப்படாமல் பங்களாவை இடித்துவிட்டு ரயில் பெட்டியைப் பெரிதாக்குங்கள்.